ஹோம் தியேட்டருக்கு 38,000 ரூபாய்க்கு கேபிள் தேவையா?

படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடியில் வீடு கட்டுகிறீர்கள். 18க்கு 12 அடியில் ஓர் அறையைப் படம் பார்ப்பதற்கென்றே ஒதுக்கியிருக்கிறீர்கள். 5.1 ரிசீவர் (ஐந்து ஸ்பீக்கருக்கும் அடித்தொனிக்கான ஒரு சப்வூஃபருக்கும் ஒலி கொடுக்கும் ஆம்ப்ளிஃபயர் பெட்டி), 6 ஓம் ஸ்பீக்கர்கள், 4கே டிவி எல்லாம் வாங்கியாயிற்று. பையனுக்கு பிளேஸ்டேஷன் 5 இருக்கிறது. இரண்டு மூன்று வருடம் கழித்து புரொஜெக்டர் போடும் யோசனையும் உண்டு. கேபிளுக்கு மட்டும் கடையில் கொடுத்த எஸ்டிமேட் 38,000 ரூபாய்: படமும் ஒலியும் சேர்ந்து போகும் ஹெச்டிஎம்ஐ கேபிள் மூன்று 16,500, வெள்ளிப்பூச்சு ஸ்பீக்கர் வயர் 45 மீட்டர் 14,400, தங்கமுலாம் பூசிய ஆப்டிகல் கேபிள் 2,600, சப்வூஃபர் கேபிள் 4,500. "கேபிள் நல்லதாக இருந்தால்தான் படமும் சவுண்டும் நல்லா வரும் சார்" என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். எந்த பிராண்ட் வாங்கலாம் என்று கேட்கிறீர்கள்.

கேட்டது பிராண்டைப் பற்றி என்றாலும், நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது இந்த 38,000 ரூபாயில் எவ்வளவு உங்கள் கண்ணுக்கும் காதுக்கும் போய்ச் சேரும், எவ்வளவு கடைக் கல்லாவோடு நின்றுவிடும் என்பதைத்தான். அதற்குப் பதில் சொல்கிறேன். அதைவிட முக்கியமான ஒன்றைப் போகிற போக்கில் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள்: அடுத்த வாரம் பூச்சு வேலை ஆரம்பம். ரேக்குக்குப் பின்னால் கிடக்கும் கேபிளை நாளைக்கே பிடுங்கிவிட்டு வேறு போடலாம். சுவருக்குள் போனது போனதுதான். ஆகவே நான் இந்த வேலையை எப்போதும் இரண்டாகப் பிரித்துப் பார்ப்பேன். சுவருக்குள் போவதில் தாராளமாக இருக்கலாம், வெளியே இருப்பதில் சிக்கனமாக இருக்கலாம். உங்கள் எஸ்டிமேட் அப்படியே தலைகீழாக இருக்கிறது. படித்தது எலக்ட்ரானிக்ஸ், பல வருடமாகச் செய்வது வீடுகளிலும் சின்ன அரங்குகளிலும் இந்த இணைப்பு வேலை. ஆனால் உங்கள் அறையை நான் நேரில் பார்க்கவில்லை. எர்த் எப்படி இருக்கிறது, பைப் எந்த வழியாகப் போகிறது என்பதெல்லாம் நீங்கள் எழுதியதை வைத்து ஊகித்ததுதான்.

ஸ்பீக்கர் வயரிலிருந்து ஆரம்பிக்கிறேன். கணக்குப் போட்டுத் தீர்மானிக்கக்கூடிய விஷயம் அது. ரிசீவருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் இருக்கும் வயர் செய்கிற முக்கியமான கெடுதல் ஒன்றே ஒன்று, மின்தடை. அது நீளத்தோடு கூடும், வயரின் கனத்தோடு குறையும். 1.5 ஸ்கொயர் எம்எம் செம்பு வயருக்கு மீட்டருக்குச் சுமார் 0.0115 ஓம். டிவிக்குக் கீழே இருக்கும் ரிசீவரிலிருந்து பைப் மேலே ஏறி, கூரையை ஒட்டிப் பின்சுவர் வரை ஓடி, சரவுண்ட் ஸ்பீக்கருக்கு இறங்கினால் உங்கள் அறையில் ஏறத்தாழ 12 மீட்டர் வரும். போக வர 24 மீட்டர். அதாவது 0.28 ஓம். ஸ்பீக்கரின் ஓமில் 5 சதவீதத்துக்கு மேல் வயரின் மின்தடை போகக்கூடாது என்பது இந்தத் தொழிலில் பல காலமாக இருக்கும் கணக்கு. மெக்கின்டாஷ் ஆம்ப்ளிஃபயர் நிறுவனத்தில் ஒலியியல் ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்த ராஜர் ரஸல் இந்த 5 சதவீதத்தை வைத்தே எந்தக் கன வயர் எத்தனை அடி வரை தாங்கும் என்று ஒரு அட்டவணை போட்டுக் கொடுத்திருக்கிறார். 6 ஓமுக்கு 5 சதவீதம் 0.3 ஓம். ஆக, 1.5 சரியாக எல்லைக்குள் நிற்கிறது. நஷ்டம் 0.4 டெசிபலுக்குள்.

இதையே கடைகளில் ஸ்பீக்கர் வயர் என்று சுருளாகத் தொங்கும் கண்ணாடி மாதிரியான மெல்லிய வயரில் செய்தால் என்ன ஆகும்? பெரும்பாலும் 0.5 ஸ்கொயர் எம்எம் கூடத் தேறாத சரக்கு அது. 0.5 என்றே வைத்துக்கொண்டாலும் அதே 12 மீட்டருக்கு 0.83 ஓம் ஆகிவிடும். ஆம்ப்ளிஃபயர் தள்ளும் சக்தியில் 12 சதவீதம் வயரிலேயே சூடாகிப் போய்விடும், ஒலி ஒரு டெசிபலுக்கு மேல் குறையும். ரிசீவரின் தானியங்கி அளவீடு அந்தக் குறைச்சலைக் கண்டுபிடித்து சரவுண்டைக் கொஞ்சம் ஏற்றிவிடும், உண்மைதான். ஆனால் ஸ்பீக்கரின் ஓம் எல்லா ஒலியலைக்கும் ஒன்றாக இருப்பதில்லை. ஓரிடத்தில் 4க்கு இறங்கும், இன்னோரிடத்தில் 20க்கு ஏறும். வயரின் மின்தடை அதிகமானால் ஓம் இறங்கும் இடங்களில் ஒலி கூடுதலாக அமுங்கும், ஸ்பீக்கரின் சுபாவமே லேசாக மாறும். கேபிளால் சவுண்டு மாறும் என்ற பேச்சில் உண்மை இருப்பது இந்த இடத்தில்தான், அதுவும் வயர் மெலிந்தால்தான்.

அதனால் சரவுண்ட் இரண்டுக்கும் 2.5 ஸ்கொயர் எம்எம் போடுங்கள். 12 மீட்டருக்கு 0.17 ஓம்தான் வரும். நாளைக்கு 4 ஓம் ஸ்பீக்கர் வாங்கினாலும் அதன் எல்லையான 0.2க்குள் அடங்கும், சுவரை உடைக்க வேண்டாம். முன்னால் இருக்கும் மூன்றுக்கும் மூன்று நான்கு மீட்டர்தான் என்பதால் 1.5 தாராளம். இதற்கு ஸ்பீக்கர் வயர் என்று பெயர் போட்டதுதான் வேண்டும் என்றில்லை. எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் ஐஎஸ்ஐ முத்திரை போட்ட, பல இழை கொண்ட, ஃப்ளெக்ஸிபிள் இரண்டு கோர் செம்பு வயர் போதும். 1.5 ஸ்கொயர் எம்எம் வயர் ஒரு மீட்டர் நூறு ரூபாய்க்குள் கிடைத்துவிடும், 2.5க்குக் கொஞ்சம் கூட ஆகும். கெட்டியான ஒற்றைக் கம்பி வயர் வேண்டாம். மின்சாரம் அதிலும் அதேதான், ஆனால் டெர்மினலில் மடக்கிச் சொருகுவதற்குள் உயிர் போய்விடும், இரண்டு தடவை வளைத்தால் முறிந்தும் விடும்.

வெள்ளிப்பூச்சுக்கு வருகிறேன். வெள்ளி செம்பைவிட நன்றாகக் கடத்தும், ஆனால் வித்தியாசம் சுமார் 6 சதவீதம்தான். அதுவும் முழு வெள்ளிக் கம்பிக்கு. மேலே ஒரு பூச்சுப் பூசியதால் கிடைப்பது அதில் ஒரு துளி. உயர்ந்த ஒலியலைகள் கம்பியின் மேற்பரப்பில்தான் ஓடும், அதனால்தான் வெள்ளிப்பூச்சு என்று ஒரு விளக்கம் கொடுப்பார்கள். ரேடியோ அலைகளுக்கு அது சரி. காதுக்கு எட்டும் எல்லையான 20,000 ஹெர்ட்ஸில் மின்னோட்டம் செம்புக்குள் அரை மில்லிமீட்டர் ஆழம் வரை இறங்கும். 1.5 வயரின் ஆரமே 0.7 மில்லிமீட்டர்தான், அதுவும் அத்தனை இழைகளையும் சேர்த்து. ஆக, ஒலிக்குக் கம்பி ஏறத்தாழ முழுவதுமே பயன்படுகிறது, மேற்பூச்சுக்கு வேலையில்லை. ஆக்ஸிஜன் நீக்கிய செம்பு என்று போட்டிருந்தாலும் அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. சாதாரண மின்வயர் செம்புக்கும் அதற்கும் கடத்துதிறனில் ஒரு சதவீத வித்தியாசம்தான் இருக்கும்.

நீங்கள் பார்க்க வேண்டியது வேறொன்று. செம்புபோலத் தெரியும் அலுமினியம் கடைகளில் நிறையப் புழங்குகிறது. உள்ளே அலுமினியக் கம்பி, மேலே மெல்லிய செம்புத் தோல். பாக்கெட்டில் சிசிஏ என்று பொடி எழுத்தில் இருக்கும், சிலதில் அதுவும் இருக்காது. ஒரு முழம் வெட்டி வாங்கிப் பாருங்கள். உறையைச் சீவிவிட்டு ஓர் இழையைத் தனியாகப் பிரித்து, பிளேடின் முனையால் மெதுவாகச் சுரண்டுங்கள். நல்ல செம்பு எவ்வளவு சுரண்டினாலும் செக்கச்செவேலென்றே இருக்கும், மற்றதில் இரண்டு இழுப்பிலேயே உள்ளே வெள்ளை எட்டிப்பார்க்கும். சுருளைக் கையில் தூக்கினாலே பழகியவர்களுக்குத் தெரியும், அது அநியாயத்துக்கு லேசாக இருக்கும். அலுமினியம் எடையில் செம்பின் மூன்றில் ஒரு பங்குகூட வராது. மின்தடையோ ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அந்த 1.5 வயர் 1 ஸ்கொயர் எம்எம் செம்புக்குச் சமம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். தகரம் பூசிய நல்ல செம்பும் வெளியே வெள்ளையாகத்தான் இருக்கும், அதைச் சுரண்டினால் உள்ளே சிவப்பு தெரியும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

உங்கள் ஊர் உப்புக்காற்றை வைத்துப் பார்த்தால் இந்தத் தகரப்பூச்சு வயர் நல்ல யோசனைதான். படகுகளில் அதைத்தான் போடுவார்கள். கிடைக்கவில்லையென்றால் சாதா செம்பே போடுங்கள், ஆனால் முனைகளைத் திறந்தபடி விடாதீர்கள். கடற்கரை ஊர்களில் டெர்மினலுக்குள் நுழையும் அந்த அரை அங்குலச் செம்பு கறுத்து, அப்புறம் பச்சை பூத்து, தொடர்பு விட்டு விட்டு வருவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அங்கே உருவாகும் மின்தடை, வயரின் கனத்தைப் பற்றி நாம் போட்ட கணக்கையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிடும். தங்கமுலாம் பூசிய பனானா பிளக்கை (வயர் முனையில் மாட்டி டெர்மினலில் சொருகும் பிளக்) இறுக்கமாகத் திருகிப் போட்டால் அந்தத் தொல்லை பெரும்பாலும் இராது. தங்கம் கறுக்காது. தங்கமுலாமுக்கு நியாயமான வேலை இருக்கும் இடம் இதுதான், அதற்கு ஆகும் செலவும் சொற்பம்.

ஆனால் ஆப்டிகல் கேபிளுக்குத் தங்கமுலாம் என்பதைப் படித்துவிட்டுச் சிரித்துவிட்டேன். அதில் போவது வெளிச்சம். முனையில் இருக்கும் உலோக வளையத்தை மின்சாரம் தொடுவதே இல்லை. 1983இல் டோஷிபா கொண்டுவந்த முறை அது, உள்ளே இருப்பது பிளாஸ்டிக் இழை. இரண்டு சேனல் ஒலியும் பழைய டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் 5.1 ஒலிகளும் அதில் போகும். தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் டால்பி அட்மாஸ் போகாது, புளூரே தட்டில் இருக்கும் சுருக்கிக் கெடுக்காத ஒலிகளும் போகாது. உங்கள் டிவியிலும் ரிசீவரிலும் ஹெச்டிஎம்ஐயில் இஏஆர்சி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் ஆப்டிகல் கேபிள் தேவையே இல்லை. அந்த 2,600ஐ அடித்துவிடுங்கள்.

இஏஆர்சி என்பது படம் டிவிக்குப் போகும் அதே கேபிள் வழியாக ஒலி டிவியிலிருந்து ரிசீவருக்குத் திரும்பி வரும் வழி. நெட்ஃபிளிக்ஸ் மாதிரி டிவிக்குள்ளேயே இருக்கும் ஆப்களின் ஒலி இப்படித்தான் ரிசீவருக்கு வரும். இது 2017இல் வந்த ஹெச்டிஎம்ஐ 2.1இன் பகுதி என்பதால் 2.1 கேபிள் கட்டாயம் என்று கடையில் சொல்வார்கள். கட்டாயமில்லை. ஈதர்நெட்டுடன் கூடிய ஹை ஸ்பீட் கேபிளிலேயே இஏஆர்சி வேலை செய்யும். ஒலி வரவில்லையென்றால் தப்பு பெரும்பாலும் கேபிளில் இருக்காது. டிவியில் ஏஆர்சி என்று எழுதிய ஒரே ஒரு துளையில்தான் சொருக வேண்டும். பிறகு டிவியின் ஒலி அமைப்பில் பாஸ்த்ரூ (ஒலியை மாற்றாமல் அப்படியே அனுப்புவது), இஏஆர்சி இரண்டையும் போட வேண்டும். ரிசீவரில் ஹெச்டிஎம்ஐ கன்ட்ரோலை இயக்க வேண்டும். டிடிஎஸ் ஒலியைச் சில டிவிகள் வெளியே விடுவதே இல்லை. அதனால் பிளேயர், பிளேஸ்டேஷன் இரண்டையும் நேராக ரிசீவரில் சொருகுவதே நல்லது.

இனி பெரிய தொகை, ஹெச்டிஎம்ஐ. முதலில் ஒன்று: கேபிளுக்கு 2.0, 2.1 என்று எண் கிடையாது. அந்த எண்கள் கருவிகளுக்கான விதித்தொகுப்பின் எண்கள். கேபிளுக்கு இருப்பது வேக வகை. ஹை ஸ்பீட் என்றால் நொடிக்கு 10.2 ஜிகாபிட் (சுருக்கமாக ஜிபிபிஎஸ்), பிரீமியம் ஹை ஸ்பீட் என்றால் 18, அல்ட்ரா ஹை ஸ்பீட் என்றால் 48. சாதாரண 4கே படம், எச்டிஆர் எல்லாம் 18க்குள் அடங்கிவிடும். நொடிக்கு 120 படம் என்று கேம் ஆடுவதற்குத்தான் அதற்கு மேல் வேண்டும். டிடிஎச் பெட்டிக்கு வீட்டில் கிடக்கும் எந்தப் பழைய கேபிளும் போதும். 2025இல் 96 ஜிபிபிஎஸ் வகை ஒன்றும் அறிவித்திருக்கிறார்கள். உங்களிடம் இருக்கும் எந்தக் கருவிக்கும் அது தேவையில்லை.

அடுத்தது படத்தரம். நல்ல கேபிளில் நிறம் ஆழமாக வரும், கறுப்பு கறுப்பாக இருக்கும் என்று சொன்னால் நம்பாதீர்கள். இது எனக்குச் சந்தேகமே இல்லாத விஷயம். ஹெச்டிஎம்ஐயில் போவது எண்கள். எண்கள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் 500 ரூபாய் கேபிளிலும் 5,500 ரூபாய் கேபிளிலும் ஒரே படம்தான். கேபிள் திணறினால் படம் மங்காது, நிறம் வெளுக்காது. அது காட்டும் அடையாளமே வேறு. 18 ஜிபிபிஎஸ் படங்களில் முதலில் இருட்டுக் காட்சிகளில் அங்கங்கே வெள்ளைப் புள்ளிகள் மின்னி மறையும், மத்தாப்புப் பொறி மாதிரி. அதற்கு மேல் மோசமானால் திரை ஓரிரு நொடி கறுத்துத் திரும்பி வரும். அதற்கும் மேலே போனால் சிக்னல் இல்லை என்று வரும். இவற்றில் எதுவும் இல்லையென்றால் உங்கள் கேபிள் தன் வேலையை முழுதாகச் செய்கிறது, அதற்கு மேல் செய்ய அதனிடம் ஒன்றுமில்லை. படம் சப்பென்று இருந்தால் டிவியின் அமைப்பைப் பாருங்கள். ஒவ்வொரு ஹெச்டிஎம்ஐ துளைக்கும் முழு வேகத்தைத் தனியாக இயக்க வேண்டியிருக்கும். சோனியில் என்ஹான்ஸ்டு ஃபார்மட், சாம்சங்கில் இன்புட் சிக்னல் பிளஸ், எல்ஜியில் அல்ட்ரா ஹெச்டி டீப் கலர் என்று பெயர். அதைப் போடாமல் கேபிளை மாற்றி மாற்றிப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர்.

அதனால் விலையை விட்டுவிட்டு முத்திரையைப் பாருங்கள். பிரீமியம், அல்ட்ரா இரண்டு வகைக்கும் சோதனை செய்து சான்று கொடுக்கிறார்கள். அட்டையில் கியூஆர் கோடு போட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதற்கென்றே இருக்கும் ஹெச்டிஎம்ஐ சான்று ஆப்பில் ஸ்கேன் செய்தால் அந்தக் கேபிளின் பெயரும் நீளமும் வர வேண்டும். வெறும் 8கே என்று தங்க எழுத்தில் அச்சடித்திருப்பது சான்று ஆகாது. பிளேஸ்டேஷன் 5 பெட்டிக்குள்ளேயே அல்ட்ரா ஹை ஸ்பீட் கேபிள் ஒன்று இருக்கிறது. அதை ரிசீவருக்குப் போடுங்கள். ரிசீவரிலிருந்து டிவிக்கு இரண்டு மீட்டரில் சான்று பெற்ற அல்ட்ரா ஒன்று, ஆயிரம் ரூபாய்க்கு அக்கம்பக்கத்தில் கிடைக்கும். மூன்றாவது கேபிள் எதற்கு என்று கடையில் கேட்டீர்களா தெரியவில்லை. டிடிஎச்சுக்காக இருந்தால் பெட்டியோடு வந்த கேபிளே போதும்.

நீளம் கூடும்போதுதான் ஹெச்டிஎம்ஐயில் சந்தேகம் ஆரம்பிக்கிறது. செம்புக் கேபிளில் 48 ஜிபிபிஎஸ் மூன்று மீட்டர் வரை கவலையில்லாமல் போகும். 18 ஜிபிபிஎஸ் ஐந்து மீட்டர் வரை நிம்மதியாகப் போகும். அதற்கு மேல் அனுப்பும் கருவி, வாங்கும் கருவி, நடுவில் இருக்கும் கேபிள் மூன்றும் ஒத்துப்போவதைப் பொறுத்தது. அதே ஏழு மீட்டர் கேபிள் ஒரு வீட்டில் ஓடும், பக்கத்து வீட்டில் ஓடாது. போட்டுப் பார்க்காமல் யாராலும் உறுதி சொல்ல முடியாது, நானும் சொல்லமாட்டேன். உங்கள் புரொஜெக்டர் பின்சுவரின் மேலே வரும், கேபிள் பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆகும். அந்த நீளத்துக்குச் செம்பை நம்ப வேண்டாம், ஆப்டிகல் ஃபைபர் ஹெச்டிஎம்ஐ போடுங்கள். மேலே அடித்துவிடச் சொன்ன ஆப்டிகல் கேபிள் அல்ல இது, படத்தையே வெளிச்சமாக்கி இழை வழியே அனுப்பும் ஹெச்டிஎம்ஐ கேபிள். ஆனால் இப்போது வாங்காதீர்கள். இரண்டு வருடத்தில் விலை இறங்கலாம், தேவையும் மாறலாம். இப்போது போட வேண்டியது பைப்.

அந்த பைப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எலக்ட்ரீஷியனிடம் விட்டால் லைட்டுக்குப் போடும் முக்கால் அங்குல பைப்பைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். ஹெச்டிஎம்ஐயின் தலை, பிளாஸ்டிக் உறையோடு சேர்த்து 20 மில்லிமீட்டர் அகலம் வரும். முக்கால் அங்குலத்தில் அது நுழையவே நுழையாது, ஒரு அங்குலத்தில் நேராகப் போகும், முதல் வளைவில் சிக்கிக்கொள்ளும். ஒன்றேகால் அங்குலமோ அதற்கு மேலோ போடச் சொல்லுங்கள். முழங்கை மாதிரி சட்டென்று மடங்கும் எல்போ வேண்டாம், அகன்ற பெண்ட் போடட்டும். ஃபைபர் கேபிளைக் கூர்மையாக மடக்கினால் உள்ளே இருக்கும் கண்ணாடி இழை ஒடிந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. பைப்புக்குள் ஒரு நைலான் கயிற்றை விட்டு இரண்டு முனையிலும் கட்டி வைத்துவிடுங்கள். கூடவே இரண்டு கேட்6 நெட்வொர்க் கேபிளையும் இப்போதே இழுத்துவிடலாம். ஃபைபர் சரிவரவில்லையென்றால் அதன் வழியே படம் அனுப்பும் கருவிகள் உண்டு, இல்லையென்றாலும் இன்டர்நெட்டுக்கு ஆகும். பிற்பாடு ஃபைபர் இழுக்கும்போது ஒன்றை மறந்துவிடாதீர்கள். அதற்குத் திசை உண்டு. சோர்ஸ் என்று எழுதிய முனை ரிசீவர் பக்கம், டிஸ்பிளே என்று எழுதியது புரொஜெக்டர் பக்கம். மாற்றி இழுத்தால் படம் வராது, திரும்ப முழுதும் உருவ வேண்டும். இழுப்பதற்கு முன் தரையில் விரித்துப்போட்டு இரண்டு கருவியிலும் சொருகிப் படம் வருகிறதா என்று பார்த்துவிடுவது உத்தமம்.

ஸ்பீக்கர் வயர், ஹெச்டிஎம்ஐ இரண்டும் போகும் பைப்பில் கரண்ட் வயர் ஒன்றுகூடப் போகக்கூடாது. எலக்ட்ரீஷியன் "ஒரே பைப்ல விட்டுடலாம் சார், வேலை மிச்சம்" என்பார். விடாதீர்கள். இரைச்சல் இரண்டாம்பட்சம். வயரின் உறை எங்காவது கிழிந்தால் 230 வோல்ட் ஸ்பீக்கர் வயருக்குள் வந்துவிடும். இரண்டு பைப்பும் பக்கத்தில் ஓடுவதாக இருந்தால் ஓர் அடி இடைவெளி விடட்டும், குறுக்கே போக வேண்டிய இடத்தில் நேர்க்கோணமாகக் குறுக்கட்டும்.

சப்வூஃபருக்கு வேண்டியது ஒரே ஒரு ஆர்சிஏ கேபிள் (நடுவில் ஒற்றை முள், சுற்றிலும் வளையம் உள்ள முனை கொண்டது). அதில் போவது 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும் அடித்தொனி மட்டும்தான். அதற்கு எந்தக் கேபிளும் போதும், ஒரே நிபந்தனை, வெளிக்கவசம் நன்றாக இருக்க வேண்டும். சிசிடிவிக்கு விற்கும் செம்புப் பின்னல் போட்ட ஆர்ஜி-59 கேபிளில் ஆர்சிஏ முனை வைத்துக்கொடுத்தால் 4,500 ரூபாய்க் கேபிள் செய்வதை அதுவும் செய்யும். டிடிஎச் கேபிளும் பார்வைக்கு அப்படியே இருக்கும், ஆனால் அதன் கவசம் பெரும்பாலும் அலுமினியத் தாளும் மெல்லிய பின்னலும்தான். உயர்ந்த அலைவரிசைக்கு அது பிரமாதம், கரண்டின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலுக்குச் செம்புப் பின்னல்தான் மேல். இதையும் சுவருக்குள் ஒரு பைப்பில், முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று இரண்டு இடத்துக்குப் போட்டு வையுங்கள். சப்வூஃபரை எங்கே வைத்தால் நன்றாக இருக்கும் என்பது அறைக்கு அறை மாறும், வைத்துக் கேட்டால்தான் தெரியும்.

சப்வூஃபரில் "ம்ம்ம்" என்று ஓயாத உறுமல் வந்தால் உடனே கேபிளைக் குறை சொல்லாதீர்கள். ஆர்சிஏவை சப்வூஃபர் பக்கம் கழற்றுங்கள். உறுமல் நிற்கவில்லையென்றால் கோளாறு சப்வூஃபரில். நின்றுவிட்டால் திரும்பச் சொருகிவிட்டு, டிடிஎச் பெட்டியின் பின்னால் மொட்டைமாடியிலிருந்து வரும் கேபிளைத் திருகிக் கழற்றிப் பாருங்கள். பல வீடுகளில் அந்த நொடியே அமைதியாகிவிடும். மாடியில் இருக்கும் டிஷ் ஒரு வழியாக எர்த் ஆகிறது, ரிசீவரும் சப்வூஃபரும் வேறு வழியாக எர்த் ஆகின்றன. இரண்டுக்கும் நடுவில் ஓடும் சின்ன மின்னோட்டம்தான் அந்த உறுமல். டிடிஎச் கேபிளில் ஐசொலேட்டர் (அந்த எர்த் தொடர்பைத் துண்டிக்கும் சின்னக் கருவி) ஒன்று போட்டால் தீரும். ஆனால் அது பெட்டியிலிருந்து டிஷ்ஷுக்குப் போகும் மின்சாரத்தை விடும் வகையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் சேனலே வராது. ரிசீவர், டிவி, சப்வூஃபர் எல்லாவற்றையும் ஒரே சுவிட்ச் போர்டிலிருந்து எடுப்பதும் உதவும். மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை வெட்டிவிட்டால் உறுமல் போகும் என்று சிலர் சொல்வார்கள். போகும். அப்புறம் ஷாக்கிலிருந்து உங்களைக் காப்பதற்கு ஒன்றும் இருக்காது. அதை மட்டும் செய்யவே கூடாது.

எல்லா வயரும் ஒரே நீளம் இருக்க வேண்டும், கேபிள் ஓடிப் பழக வேண்டும் என்று கடைக்காரர் சொன்னதாக நீங்கள் எழுதியிருக்கும் மற்ற இரண்டுக்கும் சுருக்கமாகப் பதில். எல்லா ஸ்பீக்கருக்கும் ஒரே நீளத்தில் வயர் வெட்ட வேண்டியதில்லை. வயரில் மின்குறி ஒளியின் வேகத்தில் பாதிக்கு மேல் ஓடுகிறது, பத்து மீட்டர் வித்தியாசம் ஒரு நொடியைக் கோடியாகப் பங்கு போட்டதில் ஒரு பங்குகூட வராது. நீங்கள் சோபாவில் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தால் அதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு தாமதம் மாறும். நூறு மணி நேரம் ஓடிப் பழகினால்தான் கேபிளில் ஒலி முழுத் தரத்தோடு வரும் என்பதற்கு அளந்து காட்டக்கூடிய ஆதாரம் எதையும் நான் கண்டதில்லை. விலை உயர்ந்த வயரைப் போட்டதும் வித்தியாசம் தெரிந்தது என்று சொல்கிறவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை, அவர்களுக்குக் கேட்டிருக்கும். ஒலி அரை டெசிபல் கூடினாலே சத்தம் கூடியதாகத் தோன்றாமல் தெளிவு கூடியதாகத் தோன்றும். எது எந்த வயர் என்று தெரியாமல், ஒலியளவைச் சமமாக்கி வைத்துக் கேட்கச் சொன்னால் அந்த வித்தியாசத்தைப் பிடிப்பது வெகு அரிது.

ஆக, புரொஜெக்டர் கேபிளை விட்டுவிட்டால் வயர், பிளக், சப்வூஃபர் கேபிள், ஹெச்டிஎம்ஐ எல்லாம் சேர்த்து பத்தாயிரத்துக்குள் அடங்கிவிடும். தூத்துக்குடியில் விலை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம்.

பூச்சுக்கு முன்னால் செய்ய வேண்டியது இன்னும் இரண்டு. ஒவ்வொரு வயரின் இரண்டு முனையிலும் டேப் ஒட்டி வலது பின், இடது பின் என்று எழுதிவிடுங்கள், சுவர் மூடியபின் எது எது என்று கண்டுபிடிப்பது பெரிய ரோதனை. பிறகு, பிளஸ் மைனஸ். இரண்டு கோரில் ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு என்றால் சிவப்பை எங்கும் பிளஸ்ஸாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஸ்பீக்கர் மட்டும் மாறிப்போனால் அடித்தொனி காணாமல் போகும், வசனம் நடுவில் நிற்காமல் அலையும். சந்தேகம் வந்தால் ரிசீவர் பக்கம் வயரைக் கழற்றிவிட்டு, ஒரு 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியின் பிளஸ்ஸைச் சிவப்பிலும் மைனஸைக் கறுப்பிலும் ஒரு நொடி தொட்டு எடுங்கள். ஸ்பீக்கரின் பெரிய கூம்பு வெளியே தள்ளினால் சரி, உள்ளே இழுத்தால் எங்கோ மாறியிருக்கிறது. பூச்சு போடுவதற்கு முந்தின நாள் பைப் ஓடும் எல்லாச் சுவரையும், பக்கத்தில் ஒரு டேப்பை விரித்துப் பிடித்து, அளவு தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் டிவி மாட்ட ட்ரில் போட வருகிறவரிடம் காட்ட வேண்டியிருக்கும்.